நடுவில் தொங்கும் ஒரு போர்வை: 1934-இன் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பலருக்கும் போட்டுக் காட்டியதில் தெரிந்தவை

'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' 1934 பிப்ரவரியில் வெளியான படம். கறுப்பு வெள்ளை, 105 நிமிடம். நாயகனும் நாயகியும் படம் முடியும் வரை ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்வதில்லை. யாரும் சாவதில்லை, பெரிய வில்லன் கிடையாது. ஆனாலும் நான் பிறருக்குப் போட்டுக் காட்டிய பழைய படங்களில், எந்த வயதுக்காரர்கள் வந்து உட்கார்ந்தாலும் கைவிடாத படம் இதுதான்.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடிக் கூடத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு பழைய படம் திரையிட்டு வருகிறோம். அங்கே இதைப் போட்டிருக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பறையில் போட்டிருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில், வேட்டியைத் திரையாகக் கட்டி, பாட்டி முதல் பேரன் வரை உட்காரவைத்தும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் படத்தைப் பாதியும் பார்ப்பவர்களைப் பாதியுமாகத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் இந்தப் படம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. அதையும், இதுபோன்ற படங்களை மற்றவர்களுக்குக் காட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய சில நடைமுறை விஷயங்களையும் எழுதுகிறேன்.

கதை இதுதான். எல்லி ஆண்ட்ரூஸ் பெரும் பணக்காரரின் ஒரே மகள். கிங் வெஸ்ட்லி என்ற விமானியை அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஆள் சரியில்லை என்று நினைக்கும் அப்பா, அந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய வைக்க அவளைத் தன் படகில் பூட்டி வைக்கிறார். மயாமி கடற்கரையில் படகிலிருந்து குதித்து நீந்தித் தப்பிக்கிற எல்லி, நியூயார்க்கில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர இரவுப் பேருந்து ஏறுகிறாள். பக்கத்து இருக்கையில் பீட்டர் வார்ன். சற்று முன்புதான் ஆசிரியரோடு தொலைபேசியில் சண்டை போட்டு வேலையை இழந்த பத்திரிகைக்காரன். அவள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. 'உன்னை நியூயார்க்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், உன் கதையை எனக்குக் கொடு' என்பது ஒப்பந்தம். அப்பா பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்து நாடு முழுக்கத் தேடுகிறார். மயாமியிலிருந்து நியூயார்க் வரை மழை, உடைந்த பாலம், திருட்டு, பசி.

எழுத்து ராபர்ட் ரிஸ்கின், இயக்கம் ஃபிராங்க் காப்ரா. மூலக்கதை சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1933-இல் காஸ்மோபாலிட்டன் இதழில் எழுதிய 'நைட் பஸ்' என்ற சிறுகதை. பீட்டராக கிளார்க் கேபிள், எல்லியாக கிளாடெட் கோல்பர்ட்.

இப்போது நான் சொல்ல வந்த கருத்து. இந்தப் படத்தில் காதல் பேசி வளரவில்லை. இரண்டு பேர் கையில் காசில்லாமல், ஒரு காரியத்தைச் சேர்ந்து சமாளிக்கும்போது வளர்கிறது. 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று முதல் முறை சொல்லப்படும்போது படம் முக்கால்வாசி முடிந்திருக்கும். அதற்குள் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்து போயிருக்கும். அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியாது. இந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

ஒரு காட்சியைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மழையில் பாலம் உடைந்து பேருந்து நின்றுவிட, சாலையோர விடுதியில் ஓர் அறை எடுக்கிறார்கள். தனித்தனி அறைக்குப் பணம் இல்லை. கணவன் மனைவி என்று பதிவு செய்தாகிவிட்டது. பீட்டர் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான். பைபிளில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்ததே, அந்த எரிகோவின் மதில் இது என்கிறான். அந்தக் காலத்து எக்காளம் தன்னிடம் இல்லை என்றும் சொல்கிறான். இரவு அப்படிக் கழிகிறது. போர்வையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, விளக்கணைந்த அறையில், பெயர் என்ன என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் மின்னுகின்றன. ஜோசப் வாக்கரின் ஒளிப்பதிவில் அந்த இருட்டு அவ்வளவு மிருதுவாக இருக்கும்.

மறுநாள் காலை எல்லியின் அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சில நொடி அவகாசம்தான். பீட்டர் அவள் தலைமுடியைக் கலைத்து முகத்தில் விழவிட்டு, ஏதோ ஓர் அத்தையிடமிருந்து கடிதம் வந்ததைப் பற்றி, அலுத்துப்போன கணவன் குரலில் பேச ஆரம்பிக்கிறான். அவள் ஒரு கணம் விழிக்கிறாள். பிறகு எந்தச் சைகையும் இல்லாமல், குழாய் ரிப்பேர்க்காரரின் மகளாகவே மாறிக் கத்த ஆரம்பிக்கிறாள். அவனும் கத்துகிறான். அவள் ஓவென்று அழுகிறாள். துப்பறிவாளர்கள் சங்கடப்பட்டு வெளியேறுகிறார்கள். கதவு மூடியதும் இருவரும் அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள். இதையே நாடகமாக ஊர் ஊராகப் போடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

எந்தக் கூட்டமானாலும் இந்த இடத்தில் கூடமே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கும்போது முகங்களைப் பாருங்கள், ஒரு நெகிழ்ச்சி வந்திருக்கும். ஏனென்றால் அதுவரை அவள் பணக்கார வீட்டுப் பிடிவாதக்காரி, அவன் எல்லாம் தெரிந்தவன்போல் அதட்டுகிறவன். இந்தப் பொய்ச் சண்டையில்தான் முதல் முறையாக இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். கணவன் மனைவியாக நடிக்கும்போது அவர்கள் சண்டை போடுகிறார்கள், நடிப்பு முடிந்ததும் நண்பர்களாகிவிடுகிறார்கள். காதல் படம் எழுத விரும்பும் இளைஞர்களிடம் நான் இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். ஒருவரை ஒருவர் வருணிக்கும் வசனம் ஒன்றுகூட இதில் இல்லை. ஒருவர் தொடங்கிய ஆட்டத்தை மற்றவர் புரிந்துகொண்டு எடுத்துச் செல்கிறார். 'இவன் கூட வாழலாம்' என்று அவளுக்கும் நமக்கும் படுவது அதனால்தான்.

மொட்டை மாடியில் போட்ட இரவு, கல்யாணமாகி வெகுகாலமான என் உறவினர் ஒருவர் படம் முடிந்ததும் மனைவியைப் பார்த்து, "நம்மளும் இப்படித்தானே, உங்க அண்ணன் வந்தப்ப சண்டை போடற மாதிரி நடிச்சோம்" என்றார். எதற்காக நடித்தார்கள் என்று நாங்கள் கேட்டும் இரண்டு பேரும் கடைசி வரை சொல்லவில்லை.

இனி நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது, திரையின் அளவு. இந்தக் காலத்துத் தொலைக்காட்சியும் புரொஜெக்டரும் அகலத் திரைக்கு ஏற்றவை. 1934-இன் படம் கிட்டத்தட்டச் சதுரம். இடமும் வலமும் கறுப்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு யாராவது ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து முழுத்திரையாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் இன்னும் மோசம். பேருந்து இருக்கையில் அவள் தலை அவன் தோளில் சாயும்போது இருவர் முகமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். காப்ரா அந்த நெருக்கத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எனவே கறுப்புப் பட்டைகள் இருக்கட்டும். விளக்கை அணைத்ததும் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

கிடைக்கிற பிரதிகளில் எதை எடுப்பது என்பதும் முக்கியம். 2013-இல் இந்தப் படம் 4கே என்னும் மிகத் துல்லியமான தரத்தில் மீட்டெடுக்கப்பட்டது. அதன் அடிப்படையிலான வட்டு 2014-இல், பழைய நல்ல படங்களை வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதையும், இணையத்தில் அலையும் மங்கிய பிரதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் வேறு படங்களோ என்று தோன்றும். பேருந்தை விட்ட பிறகு இருவரும் வெட்டவெளியில் தூங்க நேரும் வைக்கோல் போரடி இரவுக் காட்சி, மங்கிய பிரதியில் வெறும் சாம்பல் நிறம். நல்ல பிரதியில் நிலா வெளிச்சம் அவள் கன்னத்தில் இருப்பது தெரியும், கண் கலங்குவது தெரியும். அந்தக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. முகம் தெரியாவிட்டால் பார்ப்பவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்காது. பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது கெட்ட பிரதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒலிக்கும் இதே கவனம் வேண்டும். பேசும் படம் வந்து அப்போது ஏழெட்டு ஆண்டுகள்தான். வசனம்தான் இந்தப் படத்தின் ஓட்டம். மின்விசிறி இரைச்சல் உள்ள கூடத்தில் ஒலிபெருக்கியைப் பின்னால் வைத்தால் பாதி வசனம் காணாமல் போகும். திரைக்குக் கீழேயே வையுங்கள். ஒலியைக் கூட்டுவதைவிட விசிறிகளைக் குறைப்பது நல்ல பலன் தரும்.

வசனத்தைத் திரையின் அடியில் தமிழ் வரிகளாகப் போட்டால் கூட்டம் இரண்டு மடங்கு சிரிக்கும். நாங்களே உட்கார்ந்து எழுதினோம். இந்த வேலையில் நான் கற்ற பெரிய பாடம், எல்லாவற்றையும் எழுதக் கூடாது என்பது. கேபிள் பேசுகிற வேகத்துக்குச் சொல்லுக்குச் சொல் எழுதினால் பார்ப்பவர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நகைச்சுவை நடிகரின் முகத்தில் இருக்கிறது, பதில் சொல்வதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் அரை நொடியில் இருக்கிறது. ஒரு பேச்சின் சாரம் ஒரே வரியில் வந்துவிட்டால் போதும். இன்னொன்று: சிரிக்கவேண்டிய வரி, நடிகர் அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே திரையில் வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் படிப்பவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள், நடிகர் வெறுமனே பேசிக்கொண்டிருப்பார். ஒரு வரியை இரண்டாக உடைத்து, கடைசித் துண்டைச் சற்றுத் தாமதமாக விடுவது பெரும்பாலும் இதைச் சரிசெய்யும்.

அறிமுகப் பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். உலகத் திரைப்பட வரலாறெல்லாம் படத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தை முன்பே சொன்னால் படம் பல மடங்கு ஆழமாகப் பதிகிறது. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அங்கே வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்தப் படத்தை முதலில் பார்த்தவர்கள் அந்த நிலையில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள். இதைச் சொல்லிவிட்டால், எல்லி பேருந்தில் சாக்லேட் பெட்டி வாங்கப் போகும்போது பீட்டர் தடுத்து 'இனிமேல் செலவுக்குக் கணக்கு உண்டு' என்பது வெறும் கண்டிப்பாகத் தெரியாது. பேருந்தில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு போகும் மகிழ்ச்சியான காட்சிக்கு அடுத்தே, ஒரு சிறுவனின் தாய் பசியால் மயங்கி விழுகிறாள். வேலை தேடி நியூயார்க் போகிறவள், இருந்த பணத்தையெல்லாம் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டவள். பீட்டரும் எல்லியும் கையிலிருந்ததை அந்தச் சிறுவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் அவர்களுடைய பசி தொடங்குகிறது. சிரிப்புப் படத்தின் நடுவில் இந்தக் காட்சி எவ்வளவு சாதாரணமாக வந்து போகிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடு பார்க்கிறேன். காப்ரா அதை நீட்டவில்லை, இசையால் அழுத்தவில்லை.

அந்தப் பாட்டுக் காட்சியைப் பற்றி ஒன்று. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் கூடத்துக்கு வருவார். படத்தில் ஓட்டுநரும் உற்சாகம் தாங்காமல் பாட்டில் சேர்ந்துகொள்ள, பேருந்து சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் மாட்டும். பெரியவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, "பாருங்க தம்பி, ஸ்டியரிங்க விட்டுட்டான்!" என்று கத்திவிட்டார். படம் முடிந்ததும் அவர் வெகுநேரம் பேசினார். ராத்திரி வண்டியில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுவதும், விடிந்ததும் முகம் பார்க்காமல் இறங்கிப் போவதும் அவர் வருடக்கணக்கில் பார்த்தது. "அதெல்லாம் படத்துல வரும்னு நான் நினைச்சதே இல்ல" என்றார். படத்தின் ஆயுளுக்கு அவர் சொன்னதும் ஒரு காரணம். மாளிகையிலும் விருந்திலும் நடக்கும் காதல் கதைகள் பல அந்தந்தக் காலத்தோடு நின்றுவிட்டன. இரவுப் பேருந்தும், குளியலறைக்கு வரிசையில் நிற்பதும், சட்டைப்பையில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணுவதும் எந்த ஊர்க்காரருக்கும் தெரியும்.

இடைவேளை விடவேண்டாம். இந்தப் படங்கள் இடைவேளையை மனதில் வைத்து எடுக்கப்பட்டவை அல்ல, நடுவில் விளக்கைப் போட்டால் சூடு ஆறிவிடும். டீயைப் படத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு தின்பதற்கு ஏதாவது இருந்தால் நல்லது. டோனட்டைக் காபியில் எவ்வளவு நேரம் முக்க வேண்டும் என்று பீட்டர் பாடம் எடுப்பதையும், இருவரும் பச்சைக் கேரட்டைக் கடிப்பதையும் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பசிக்கும்.

படம் எடுக்கப்பட்ட கதையை முடிவில் சொன்னால் கூட்டம் ஆசையாகக் கேட்கும். இதை எடுத்த கொலம்பியா நிறுவனம் அன்று பெரிய ஸ்டுடியோக்களின் வரிசையில் இல்லை. தன் ஒப்பந்தத்தில் இருந்த கேபிளை எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டுடியோ கொலம்பியாவுக்கு இரவல் கொடுத்தது. எல்லி வேடத்தை மிர்னா லாய் உட்படப் பல நடிகைகள் மறுத்தார்கள். கோல்பர்ட் கேட்டது 50,000 டாலர் சம்பளம், அதோடு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் தன் வேலை முடிந்துவிட வேண்டும் என்ற நிபந்தனை. அதனால் சுமார் நான்கே வாரத்தில் எடுத்தார்கள். அந்த அவசரமும் சிக்கனமும் படத்துக்கு நன்மையாகவே முடிந்தன என்று நினைக்கிறேன். எல்லிக்குப் பெரும்பாலும் ஒரே உடை, அது கசங்கக் கசங்க அவள் நமக்கு நெருக்கமாகிறாள். வெளியானபோது பெரிய வரவேற்பு இல்லை. சின்ன ஊர்களின் திரையரங்குகளுக்குப் போன பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்து பார்த்துத்தான் ஓடியது. 1935 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய ஐந்தையும் வாங்கியது. அதற்கு முன் எந்தப் படமும் இந்த ஐந்தையும் சேர்த்து வாங்கியதில்லை. அதன் பிறகு வாங்கியவை 1975-இல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்', 1991-இல் வந்த 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' இரண்டும்தான். தனக்கு விருது வராது என்று நினைத்து ரயிலேறக் கிளம்பிவிட்ட கோல்பர்ட்டை நிலையத்திலிருந்து அழைத்து வந்தார்கள். பயண உடையிலேயே மேடையேறி வாங்கிக்கொண்டு போனார்.

காலத்தைப் பற்றி இன்னொரு தகவல். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 ஜூலையிலிருந்து கடுமையாக அமலுக்கு வந்தன. இந்தப் படம் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. கணவன் மனைவி அல்லாத இருவர் ஓர் அறையில் தங்குவதை இவ்வளவு இயல்பாகக் காட்ட அப்போது முடிந்தது. ஆனால் அந்தப் போர்வை, பின்னால் வந்தவர்களுக்கு ஒரு வழியைக் காட்டிக்கொடுத்தது. காட்டாமல் விடுவதாலேயே ஆசையைச் சொல்ல முடியும் என்ற வழி. அடுத்த பத்தாண்டு நகைச்சுவைப் படங்கள் அந்த வழியில்தான் நடந்தன.

மறைக்காமல் பேசவேண்டிய ஒன்று உண்டு. படத்தின் தொடக்கத்தில் அப்பா மகளை அறைகிறார். எல்லிக்குத் தினம் ஓர் அடி கொடுக்க ஆள் வேண்டும் என்கிற பொருளில் பீட்டர் கடைசியில் அப்பாவிடம் பேசுகிறான். 1934-இல் இதற்குச் சிரித்திருப்பார்கள். எங்கள் கூடத்தில் இந்த இடங்களில் பெண்கள் அமைதியாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். வெட்டிவிட்டுப் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தை முழுதாகப் போட்டுவிட்டு முடிந்ததும் அதைப் பேசுவதுதான் மரியாதை. அப்படிப் பேசிய ஒரு மாலையில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி சொன்னது எனக்கு இந்தப் படத்தைப் பற்றி யார் சொன்னதைவிடவும் தெளிவாக இருந்தது: "அவர் அவளுக்குப் பாடம் எடுத்துக்கிட்டே இருக்கார் சார். எப்படிச் சாப்பிடணும், எப்படிச் செலவு பண்ணணும், எல்லாம். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்ல. கட்டைவிரல் காட்டித் தோத்துப்போனார் பாருங்க, அதுக்கப்புறம்தான் பிடிச்சுது."

அவள் சொன்ன காட்சி எல்லோருக்கும் தெரிந்த அந்த லிஃப்ட் கேட்கும் காட்சி. கட்டைவிரலைக் காட்டிக் காரை நிறுத்துவதில் மூன்று முறைகள் உண்டு, அதைப்பற்றிப் புத்தகமே எழுதப்போகிறேன் என்று பீட்டர் பெருமையடிக்கிறான். செய்தும் காட்டுகிறான். கார்கள் வரிசையாகக் கடந்து போகின்றன, ஒன்றும் நிற்கவில்லை. எல்லி எழுந்து போய்ப் பாவாடையைச் சற்றே உயர்த்துகிறாள், முதல் கார் பிரேக் போட்டு நிற்கிறது. கால் காட்ட கோல்பர்ட் முதலில் மறுத்தார் என்றும், அவருக்குப் பதிலாக வேறொரு பெண்ணை நிறுத்தியதும் அது என் கால் இல்லை என்று தானே நடிக்க முன்வந்தார் என்றும் காப்ரா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மாணவி சொன்ன பிறகு இந்தக் காட்சியை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை வாத்தியாராக இருந்தவன் இங்கே தோற்கிறான், அவன் தோற்பதைப் படம் ரசிக்கிறது. அடிப்பது பற்றிய அந்த வசனங்களை இது நியாயப்படுத்திவிடாது. ஆனால் இந்த வகை நகைச்சுவைப் படங்களில் நல்லவை எல்லாவற்றிலும் பெண்ணுக்கு ஆணை வெல்லும் புத்தியும் வேகமும் இருக்கும். நாயகி வெறுமனே காதலிக்கப்படுகிறவளாக இருக்கும் படங்களை இன்று உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, எல்லியைப் பார்க்க முடிகிறது.

விவாதத்தை எப்படித் தொடங்குவது என்று பலர் கேட்பதுண்டு. 'படம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்ற பதிலோடு முடிந்துவிடும். நான் கேட்கும் கேள்வி: எல்லிக்கு அவன்மேல் ஆசை வந்தது எந்த நொடியில்? இதற்கு இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். காலையில் எழுந்து பார்த்தால் தன் உடை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறது, அப்போதே என்பார் ஒருவர். வைக்கோல் போரடியில் அவன் சிறிது நேரம் காணாமல் போக, அவள் பயந்து கூப்பிட்டு, அவன் திரும்பி வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாளே, அங்கே என்பார் இன்னொருவர். கேரட் என்று சொல்பவர்கள் உண்டு: முதலில் வேண்டாம் என்று முகம் திருப்பியவள், பிறகு காரில் போகும்போது அவன் கோட்டுப் பையிலிருந்து தானே எடுத்துக் கடிக்கிறாள். ஒருவர் சொன்ன காட்சியை மற்றவர் மறுக்க, படம் இன்னொரு முறை அந்தக் கூடத்தில் ஓடும். வயதானவர்கள் பெரும்பாலும் அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள். வால்டர் கோனலி நடித்த அந்தப் பாத்திரம் முதலில் முரடராக வந்து, முடிவில் படத்திலேயே விவேகமான மனிதராகிவிடுகிறார். பீட்டர் பத்தாயிரம் டாலர் பரிசைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கும்போது, அவன் பயணச் செலவுக்கு 39 டாலர் 60 சென்ட் மட்டும் கேட்கிறான். அந்தக் கணக்குச் சீட்டைப் பார்த்த உடனே அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. கிங் வெஸ்ட்லியோடு ஊரறிய மறுபடி நடக்கவிருக்கும் கல்யாணத்தில், மணமேடைக்கு மகளைக் கைபிடித்து அழைத்துப் போகும்போதே, கார் பின்னால் நிற்கிறது, ஓடிவிடு என்று காதில் முணுமுணுக்கிறார். பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த அப்பாக்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படத்துக்கு நம் சென்னையோடும் ஓர் உறவு இருக்கிறது. 1956-இல் ஏவி.எம். நிறுவனம் ராஜ் கபூர், நர்கிஸ் இருவரையும் வைத்து எடுத்த 'சோரி சோரி' இதே கதைதான். ஜோடியாக அவர்கள் நடித்த கடைசிப் படமும் அதுதான். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போட்டுப் பாருங்கள். 'சோரி சோரி'யில் காதலைச் சொல்லும் பொறுப்பை சங்கர் ஜெய்கிஷன் இசையும் லதா மங்கேஷ்கர், மன்னா டே குரல்களும் எடுத்துக்கொள்கின்றன. காப்ரா படத்தில் அந்தப் பொறுப்பு போர்வைக்கும் கேரட்டுக்கும் போகிறது. எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் இந்திப் பாட்டுகளைக் கூடவே பாடினார்கள், இளைஞர்களுக்கு 1934-இன் படமே புதியதாகத் தெரிந்தது. எனக்கு நிலவில் நிற்கும் நர்கிஸைவிட வைக்கோலில் பசியோடு படுத்திருக்கும் கோல்பர்ட்தான் நெருக்கம். ஆனால் இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு கதை ஊர் மாறும்போது எதை விட்டுவிட்டு எதைக் கூட்டிக்கொள்கிறது என்று தெரியும்.

இது பிடித்துப்போன கூட்டத்துக்கு அடுத்து எதைப் போடுவது? 1938-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'பிரிங்கிங் அப் பேபி'யை நான் சொல்வேன். கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட், ஒரு சிறுத்தை. வெளியானபோது சரியாக ஓடாத படம், இன்று குழந்தைகள்கூட உருண்டு சிரிக்கிறார்கள். விழுவதும் தடுக்குவதும் துரத்துவதும் நிறைய இருப்பதால் வரிகளைப் படிக்கும் சுமையும் குறைவு. அதே இயக்குநரின் 1940 படமான 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே'யை அவசரப்பட்டு இரண்டாவதாகப் போட்டுவிடாதீர்கள். பத்திரிகை அலுவலகக் கதை, ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் பேசுகிற படம். நான்கைந்து பழைய படங்கள் பார்த்துக் காது பழகிய கூட்டத்துக்கு அது விருந்து, புதியவர்களுக்கு மூச்சு முட்டும். அதற்குத் தமிழ் வரிகள் எழுதுவதென்றால், இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் யாருடைய பேச்சை எழுதுவது, யாருடையதை விடுவது என்று காட்சி காட்சியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறோம்.